பாங்காக் தெருவில் வயிறார, வயிறு கெடாமல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் பாங்காக். தாய்லாந்து போகும் வாசகர்களிடமிருந்து சாப்பாட்டைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, உணவுப் பாதுகாப்பும் பயண மருத்துவமும் தெரிந்த எங்கள் குழு இங்கே பதில் சொல்கிறது. தாய் மொழிச் சொற்களை, கடையில் சொன்னால் புரியும் அளவுக்குத் தமிழில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: பாங்காக் போய்விட்டுத் தெருக்கடையில் சாப்பிடாமல் வருவதா என்கிறார் கணவர். ஓட்டல் பஃபேதான் பாதுகாப்பு என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? நல்ல கடையை எப்படி அடையாளம் காண்பது?
(வாசகி, ஈரோடு)

பதில்: இந்த விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நியாயம் அதிகம். கண்ணெதிரே எரியும் அடுப்பில், புகை பறக்க வதக்கி நேராகத் தட்டில் கொட்டுகிற பட் தாய் நூடுல்ஸ், இரண்டு மணி நேரமாக வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும் பஃபே நூடுல்ஸைவிடப் பாதுகாப்பானது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. இந்த இடைப்பட்ட சூட்டில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பாங்காக்கில் பெரும்பாலான பகல்கள் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே கடையின் பளபளப்பைவிட, உணவு எப்போது அடுப்பை விட்டு இறங்கியது என்பதைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தள்ளி நின்று கவனித்தால் போதும். உள்ளூர் ஆட்கள், குறிப்பாக அலுவலகம் போகிறவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும், வரிசையில் நிற்கிறார்களா? ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக வதக்குகிறாரா, முன்பே வதக்கி வைத்ததை அள்ளிப் போடுகிறாரா? பச்சை இறைச்சியை எடுத்த கிடுக்கியாலேயே வெந்ததையும் எடுக்கிறாரா? பச்சை இறால், கோழி எல்லாம் ஐஸ் மேல் இருக்கின்றனவா, வெயிலில் கிடக்கின்றனவா? காசு வாங்குகிற கைதான் கொத்தமல்லியையும் கிள்ளிப் போடுகிறதா? தட்டு கழுவுவதையும் பாருங்கள். மூன்று வாளிகளில் முக்கி எடுப்பது அங்கே வழக்கம். கடைசி வாளித் தண்ணீர் கலங்கியிருந்தால் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு வகைக் கடைகளில் நேரத்தைப் பார்த்துப் போக வேண்டும். ஒன்று 'கவ் கேங்' கடை. சோற்றின் மேல் நாம் காட்டும் குழம்பை ஊற்றித் தருவார்கள். எல்லாம் காலையிலேயே சமைத்துத் தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பது. காலையிலோ, பதினொரு மணி வாக்கிலோ போனால் அருமையான சாப்பாடு. மதியம் மூன்று மணிக்குப் போனால் அதே குழம்பு, அதே தட்டு, கூடவே நான்கைந்து மணி நேர வெயில். மற்றொன்று 'கவ் மன் கை', கோழிச்சாறில் வேகவைத்த சோறும் வேகவைத்த கோழியும். கோழியைக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட்டு, ஆறிய பிறகுதான் வெட்டித் தருவார்கள். பண்டம் வேகமாகக் காலியாகும் கடையில், உச்சி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பிற்பகலில் பெட்டியில் ஒற்றைக் கோழி மட்டும் தொங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பலரும் மேசை மேல் உள்ள நான்கு கிண்ணங்களைக் கண்டு பயப்படுகிறார்கள். சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் போட்ட மீன் சாறு. காய்ந்தது, புளித்தது, கடும் உப்பு என்பதால் கிருமிகள் இவற்றில் எளிதில் பெருகுவதில்லை. கவலைப்பட வேண்டியது பட் தாயின் ஓரத்தில் பச்சையாக வைக்கும் பயறு முளையைத்தான். முளை கட்டுவதற்கு வேண்டிய அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் வேண்டும். விதையிலேயே ஒட்டியிருக்கும் கிருமி முளையோடு சேர்ந்து வளரும், கழுவினாலும் போகாது. 'கோ சுக் சுக்' (நன்றாக வேகவைத்துத் தாருங்கள்) என்று சொல்லி, முளையையும் வாணலியில் போட்டுப் புரட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

மாமனாரின் பஃபேயையும் ஒதுக்க வேண்டாம். கதவு திறந்ததும் முதல் அரை மணி நேரத்தில் போகட்டும். அங்கேயே முட்டை வார்த்துத் தருகிற, நூடுல்ஸ் போட்டுத் தருகிற ஆள் முன்னால் நிற்கட்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. 'வெஜிடேரியன்' என்று சொல்லி வாங்கினால் போதுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: போதாது. தாய்லாந்தில் இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அதைக் காய்கறி உணவு என்றே பலர் நினைப்பார்கள். மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. உப்பு போட்டதற்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லையே. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு ஆகியவற்றுக்கான விழுதில் 'கபி' என்ற இறால் விழுது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு. டோஃபு வதக்கலில் அரைத்த பன்றி இறைச்சி. தெளிந்த சூப் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கும். பட் தாயில் காய்ந்த இறாலும் முட்டையும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. நாம் சொல்லும் சொல் அவர்களுக்கு வேறு பொருளில் போய்ச் சேருகிறது.

சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. ஆண்கள் 'போம் கின் ஜே', பெண்கள் 'சான் கின் ஜே' என்று சொல்ல வேண்டும். நான் ஜே உணவு சாப்பிடுகிறவர் என்று பொருள். சீன வழி பௌத்த விரதச் சமையல் இது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை. ஜே கடைகளில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும். தாய் எழுத்து தெரியாத கண்ணுக்கு அது 17 என்ற எண்ணைப் போலத் தோன்றும். மஞ்சளில் சிவப்பு 17 என்று மனதில் வைத்துக்கொண்டால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பொட்டலத் தின்பண்டங்களிலும் இதே குறி உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாவது மாதத் தொடக்கத்தில் ஒன்பது நாள் ஜே திருவிழா. பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வரும். அப்போது பாங்காக்கின் சீன வட்டாரமான யாவராட் முழுக்க மஞ்சள் கொடி. புக்கெட் தீவில் இன்னும் விமரிசை. சைவக் குடும்பங்கள் பயணத் தேதியை இதற்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் சாப்பாட்டுக் கவலையே பாதி போய்விடும்.

ஜே கடையில் கோழித்துண்டு மாதிரி, வாத்து மாதிரி எல்லாம் தட்டில் கிடக்கும். கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்தவை அவை, பயம் வேண்டாம். கோதுமை ஒவ்வாதவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். சமணக் குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்கவும்: ஜே உணவில் கேரட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு உண்டு.

'மங்சவிரட்' என்று இன்னொரு சொல் காதில் விழும். அதில் முட்டையும் பாலும் சேர்த்தி. உங்களுக்கு அது வேண்டாம்.

ஜே கடை கிடைக்காத ஊரில் இந்த மூன்றையும் சொல்லுங்கள்: 'மாய் சாய் நாம் ப்ளா' (மீன் சாறு போட வேண்டாம்), 'மாய் சாய் கபி' (இறால் விழுது வேண்டாம்), 'மாய் சாய் நாம்மன் ஹொய்' (சிப்பிச் சாறு வேண்டாம்). உச்சரிப்பு நம்மை ஏமாற்றும் என்பதால், விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் இவற்றைத் தாய் எழுத்தில் பெரிதாக எழுதி வாங்கி, செல்போனில் படமாக வைத்துக்கொள்வது நல்லது. தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தாய் மொழியில் 'கை' என்றால் கோழி. கொஞ்சம் தொனி மாறினால் முட்டை. "காய் மட்டும், காய் மட்டும்" என்று நாம் அழுத்திச் சொன்னால் கடைக்காரர் காதில் என்ன விழும் என்று யோசியுங்கள். காய்கறிக்கு அங்கே 'பக்'.

தயங்காமல் வாங்கக்கூடிய ஒன்று, மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் சேர்ந்த 'கவ் நியாவ் மாமுவாங்'. வழக்கமான செய்முறையில் அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, மேலே பொரித்த பாசிப்பருப்பு, அவ்வளவுதான். தேங்காய்ப்பால் சீக்கிரம் கெடும். அறைக்குக் கொண்டுபோய் இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐஸ் போட்ட எதையும் தொடாதே என்கிறார்கள். அந்த வெயிலில் அது முடியுமா?
(வாசகர், மதுரை)

பதில்: எல்லா ஐஸும் ஒன்றல்ல. உருளை வடிவில், நடுவே துளையோடு இருப்பது தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரில் செய்து, மூட்டையாகக் கடைக்கு வருவது. பாங்காக்கிலும் சுற்றுலா ஊர்களிலும் பானங்களில் பெரும்பாலும் இதுதான். கரண்டியால் அள்ளிப் போட்டால் வாங்கிக் குடிக்கலாம், வெறும் கையால் அள்ளினால் வேண்டாம். அந்த ஐஸ் பெட்டிக்குள்ளேயே பாட்டில்களையோ மீனையோ செருகியிருக்கிறார்களா என்றும் எட்டிப் பாருங்கள். பெரிய பாளத்தை உடைத்து நொறுக்கிய தூள் ஐஸ் வேறு. பாளம் லாரியிலும் தரையிலும் இழுபட்டு வந்திருக்கலாம், மீன் குளிர வைக்கவும் அதையே பயன்படுத்துவார்கள். அது போட்ட பானத்தையும் இனிப்பையும் விட்டுவிடலாம்.

குடிக்க மூடி முத்திரை உடையாத பாட்டில் தண்ணீர். பாங்காக் குழாய்த் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டே வருகிறது என்றாலும் பழைய குழாய்களையும் மாடித் தொட்டிகளையும் நம்ப முடியாது. வாய் கொப்பளிக்கப் பயன்படுத்தலாம், குடிக்க வேண்டாம். மலைக் கிராமங்களிலும் சிறு தீவுகளிலும் பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரே. பாட்டில் கிடைக்காத இடத்தில், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

கேள்வி: சோம் தாம் என்ற பப்பாளிக் கலவை மிகவும் பிரபலம் என்கிறார்கள். பச்சையாகச் சாப்பிடும் பொருள்களில் எதெல்லாம் ஆபத்து?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: சோம் தாமில் பல வகை. 'சோம் தாம் தாய்' என்பது பச்சைப் பப்பாளித் துருவல், வேர்க்கடலை, எலுமிச்சை, காய்ந்த இறால், மீன் சாறு எல்லாம் உரலில் இடித்துக் கலப்பது. துருவலை ஐஸில் வைத்திருக்கும், அப்போதைக்கப்போது இடிக்கும் கடையில் இதைச் சாப்பிடலாம். 'சோம் தாம் பூ' என்பதில் வேகாத உப்பு நண்டு. 'சோம் தாம் ப்ளா ரா' என்பதில் உப்பும் அரிசித் தவிடும் போட்டு மாதக் கணக்கில் புளிக்கவைத்த மீன். அந்த மீன் சாற்றைக் கொதிக்கவைத்து ஊற்றுகிற கடைகளும் உண்டு, அப்படியே ஊற்றுகிறவையும் உண்டு. முதல் முறை போகிறவர்கள் தாய் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு எதுவுமே வேண்டாம். காயாக இருக்கும் பப்பாளியின் பால் கருப்பையைச் சுருங்கவைக்கக்கூடும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. நம் பாட்டிகள் சொன்ன எச்சரிக்கையை இதில் கேட்பதே நல்லது.

உறுதியாக வேண்டாம் என்று நாங்கள் சொல்வது சிலவற்றைத்தான். வடகிழக்கே ஈசான் பகுதியில் 'கோய் ப்ளா' என்று ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சை பிழிந்து தருவார்கள். எலுமிச்சை மீனை வெளுக்க வைக்குமே தவிர, உள்ளிருக்கும் ஈரல் புழுவின் இளம் பருவத்தைக் கொல்லாது. அந்தப் புழு பித்த நாளத்தில் பல ஆண்டுகள் குடியிருந்து புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈசானில் அந்தப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். மது ஊற்றினாலும் காரம் போட்டாலும் புழு சாகாது. நன்றாக வேகவைப்பது ஒன்றுதான் வழி.

வடக்கே சியாங் மாய் பக்கம் பச்சைப் பன்றி இறைச்சியும் ரத்தமும் சேர்த்த லாப், லூ வகைகள் உண்டு. அதில் வரும் ஒருவகைக் கிருமி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். பிழைத்தவர்களில் பலருக்கும் காது கேட்காமல் போய்விடுகிறது. நன்றாக வதக்கிய லாப் தாராளமாகச் சாப்பிடலாம், 'லாப் சுக்' என்று கேளுங்கள். மேசையிலேயே சுட்டுச் சாப்பிடும் 'மூ கதா'வில் பச்சைத்துண்டை அடுக்க ஒரு கிடுக்கி, சாப்பிட வேறு குச்சி என்று கடைசிவரை பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அரட்டைச் சுவாரசியத்தில் இதைத்தான் முதலில் மறப்போம்.

கடலோரத்தில், பச்சைச் சிப்பியும் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்த ரத்தக் கிளிஞ்சலும் மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டுவரலாம். ஈரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்குச் சிப்பியில் வரும் விப்ரியோ கிருமி உயிருக்கே ஆபத்து. குதிரைலாட நண்டின் முட்டை போட்ட கலவையை யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். அந்த நண்டு இனங்களில் ஒன்று நஞ்சுள்ளது. அதையும் உண்ணத்தக்க வகையையும் பிரித்தறிவது கடினம், சுட்டாலும் நஞ்சு போகாது.

பழங்களில் தோலை நாமே உரிக்கிறவை எல்லாம் நலம்: ரம்புட்டான், மங்குஸ்தான், வாழை, பம்ப்ளிமாஸ். தள்ளுவண்டிப் பழமும் கூடாதென்றில்லை. வெட்டி அடுக்கியதை விட்டுவிட்டு, முழுப் பழத்தைக் காட்டி வெட்டித் தரச் சொல்லுங்கள். டுரியனை விடுதிக்குள் எடுத்துப் போனால் அபராதம் போடுவார்கள், வண்டி அருகிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. அவனுக்கு அங்கே என்ன கொடுக்கலாம்? வயிறு கெட்டால் என்ன செய்வது?
(வாசகி, திருச்சி)

பதில்: கொடுக்க நிறைய இருக்கிறது. 'ஜோக்' என்ற அரிசிக் கஞ்சி காலையில் எல்லா இடத்திலும் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும். வறுத்த சோறு, முட்டை ஆம்லெட், வெறும் நூடுல்ஸ் சூப், சுட்ட வாழைப்பழம். 'மாய் பெட்' என்றால் காரம் வேண்டாம். முன்பே இடித்து வைத்த கலவையில் காரத்தை எடுக்க முடியாது, அதனால் அப்போது சமைப்பதை வாங்குங்கள். கை கழுவ இடமில்லாத தெருக்களில் சானிடைசர் ஓரளவுக்குத்தான் உதவும், பிசுக்குப் பிடித்த கையில் அது வேலை செய்யாது. சின்ன சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

பேதி தொடங்கினால் முதல் வேலை ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலத்தின் அளவைப் படித்த பிறகே கரையுங்கள். நம் ஊரில் சுமார் 21 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் உள்ள சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து, நிறையத் தண்ணீரில் சின்னதைக் கரைத்தால் பயனில்லை. இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். இங்கிருந்தே ஐந்தாறு பொட்டலம் எடுத்துப் போங்கள். தாய்லாந்துக் கடைகளில் விளையாட்டு வீரர்களுக்கான உப்புத் தூளும் பக்கத்திலேயே இருக்கும், அதில் சர்க்கரை கூடுதல், பேதியை இன்னும் கூட்டலாம். மருந்துக்கடையில் வயிற்றுப்போக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100. மடமடவென்று குடித்தால் வாந்திதான் வரும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். பொட்டலமே இல்லாத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. துத்தநாக மருந்து ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் குழந்தை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், ஜோக் கஞ்சியே போதும்.

ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் குழி விழுந்தது, அழுதால் கண்ணீர் இல்லை, துவண்டு தூங்குகிறான், மலத்தில் ரத்தம், விடாத வாந்தி: இதில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனை. அவசர மருத்துவ உதவிக்கு 1669. மொழி தெரியாமல் திண்டாடினால் சுற்றுலாக் காவல் 1155.

கேள்வி: எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக உண்டு. தாய்லாந்து போகலாமா?
(கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: போகலாம், ஆனால் தெருக்கடை வதக்கல்களை விட்டுவிட வேண்டும். பட் தாய், சோம் தாம், சாட்டே தொடுகறி, மசமன் குழம்பு எல்லாவற்றிலும் கடலை உண்டு. கடலை போடாத தட்டிலும் முன்பு கடலை புரண்ட அதே வாணலி, அதே கரண்டி. 'கடலை வேண்டாம்' என்றால் மேலே தூவியதை ஒதுக்கித் தருவார்கள், அது உங்களுக்கு உதவாது. 'சான் பே துவா லிசோங்' என்றால் எனக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்று பொருள். அதோடு 'கொஞ்சம் பட்டாலும் உயிருக்கு ஆபத்து' என்ற வரியையும் தாய் எழுத்தில் அச்சிட்ட அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரரிடமே அட்டையைக் காட்டக்கூடிய உணவகங்களையும், உறைமேல் பொருள் பட்டியல் உள்ள பொட்டல உணவையும் நம்புங்கள். மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசி இரண்டு, எப்போதும் கைப்பையில். விடுதி அறையில் இருக்கும் ஊசியால் பயனில்லை. கூட வருகிற தோழிக்கும் ஊசி போடக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: நம் வயிறு எதையும் தாங்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மருந்தெல்லாம் தேவையா? எது எடுத்துப் போகலாம்?
(வாசகர், சேலம்)

பதில்: இங்கே பழகிய சில கிருமிகளுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கலாம். ஆறிய சோற்றில் உருவாகும் நஞ்சுக்கு எந்த ஊர் வயிறும் பழகாது. வேகும்போது சாகாத கிருமி வித்துகள், சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சைக் கக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. வறுத்த சோறு வாங்கும் கடையில் சோறு எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள்.

சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டி வாந்தி வந்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட நஞ்சு. ஒரு நாளில் அடங்கிவிடும், தண்ணீர்ச் சத்தைக் காப்பாற்றினால் போதும். காய்ச்சலோடும் வயிற்று முறுக்கலோடும் வரும் பேதிக்குக் காரணம் இரண்டு முதல் ஐந்து நாள் முன்பு சாப்பிட்டதாகவும் இருக்கலாம். அதனால் கடைசியாகச் சாப்பிட்ட கடைமேல் பழி போடாதீர்கள்.

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை, பேருந்திலோ விமானத்திலோ உட்கார வேண்டியவருக்கு உதவும். 2 மில்லிகிராம் மாத்திரை முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு பேதிக்கும் ஒன்று, நாமாக எடுத்தால் நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது, கிருமியை உள்ளே பூட்டி வைத்த கதையாகும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்கை முதல் பேதிக்கே விழுங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து அதை விடுங்கள். சிப்ரோஃபிளாக்சசின் கையில் இருக்கிறது என்று எடுத்துப் போவதிலும் பொருளில்லை. தென்கிழக்கு ஆசியாவில் பேதிக்கு முக்கியக் காரணமான கேம்பைலோபாக்டர் கிருமி அதற்கு மசிவதில்லை. கடும் பேதிக்கு மருத்துவர்கள் அங்கே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அசித்ரோமைசின். தேவைப்படுமா, எவ்வளவு என்பதைப் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டோடு எடுத்துப் போங்கள்.

தடுப்பூசியில் டைபாய்டு ஊசியைப் புறப்பட இரண்டு வாரம் முன்பாவது போட வேண்டும். ஹெபடைடிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலை பெரியவர்களில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். நகரத்தில் சுத்தமான சூழலில் வளர்ந்த இளைஞர்களுக்குத்தான் அந்த ஊசி அதிகம் தேவை.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: காரச் சாப்பாடு என்று நாம் நினைப்பதில்கூட அங்கே சர்க்கரை இருக்கும். பட் தாயில், சோம் தாமில், குழம்பில் எல்லாம் பனைவெல்லம் அல்லது சர்க்கரை. ஆரஞ்சு நிறத் தாய் டீயில் சர்க்கரையோடு கெட்டிப் பாலும் சேரும். 'மாய் சாய் நாம் தான்' என்றால் சர்க்கரை போட வேண்டாம். ஒட்டரிசி ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும், மாம்பழத்தோடு சேர்ந்தால் இன்னும். ஒரு தட்டை மூன்று பேர் பகிர்ந்தால் அப்பாவும் ருசி பார்க்கலாம். சுட்ட மீன், வேகவைத்த காய், தோம் யாம் சூப் நல்ல தேர்வு. மீன் சாற்றில் உப்பு அதிகம், ரத்த அழுத்தத்துக்காக மேசைக் கிண்ணத்திலிருந்து கூடுதலாக ஊற்ற வேண்டாம்.

பேதியும் வாந்தியும் வந்து நீர்ச்சத்து குறையும் நாளில் மெட்ஃபார்மின், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் 'கிளிஃப்ளோசின்' வகை, சிறுநீர் பிரிக்கும் ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை நிறுத்தி வைக்க வேண்டி வரலாம். எதை, எத்தனை நாள் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இந்த ஒரு தாள் ஒரு பெட்டி மருந்தைவிட உதவும்.

கேள்வி: கஞ்சா கலந்த உணவு அங்கே விற்பார்களாமே, தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் மறுபடி விதிகளை இறுக்கி, கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்றது. பிஸ்கட், மிட்டாய், பானம் வாங்கும்போது உறையில் ஏழிதழ் போன்ற அந்த இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகள் கையில் கொடுக்கும் முன் கட்டாயம் பாருங்கள். சாப்பிட்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் 'ஒன்றுமில்லையே' என்று இன்னொன்று தின்பவர்கள்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். குழந்தை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் 1669. ஊர் திரும்பும்போது பெட்டியில் ஒரு துண்டு கஞ்சா மிட்டாய் இருந்தாலும் இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டப்படி குற்றம்.

கேள்வி: தாய்லாந்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பேதி நின்றபாடில்லை, வயிறு உப்புசம், ஏப்பம், எடையும் குறைகிறது. மோரும் வெந்தயமும் பார்த்தாயிற்று.
(வாசகி, வேலூர்)

பதில்: இனி வீட்டு வைத்தியம் வேண்டாம். கிருமிப் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் உப்புசமும் ஏப்பமும் அதற்குப் பொருந்துகின்றன. மருத்துவரிடம் போனதும் எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள், ஆற்று நீரில் குளித்தீர்களா, பச்சை மீன் சாப்பிட்டீர்களா என்று முதலிலேயே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டுவிடுவதும் நடக்கும். மலப் பரிசோதனைக்கு ஒரு மாதிரி போதாது. ஒட்டுண்ணி தினமும் வெளிப்படாது என்பதால் வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரி கொடுங்கள். இதற்கிடையில் பால் குடித்தால் உப்புசம் கூடுகிறதா என்று கவனியுங்கள். குடல் புண்பட்ட பிறகு பால் சர்க்கரை சில வாரம் செரிக்காமல் போவது உண்டு. பரிசோதனை முடிவு வரும் வரை பாலை நிறுத்திப் பார்த்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.